மறுமொழி ஏற்பாளர்

எமெரென்சியா எங்கள் கவுண்டர்க்காரன் தியோதுலோவின் நெற்றியை உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அதற்குப் பயன்பட்ட பொருள் எங்கள் ட்ரினெவா நிறுவனத்தின் பெரிய ஃப்ரீசருக்குப் பொருத்தும் கதவுக் கைப்பிடி. என்னால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். சான் பெத்ரோ சேவை மையத்தில் உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. அந்தக் கைப்பிடி எங்களிடம் ஆறு மாதமாக இருப்பில் இல்லை.

அவள் அடிக்க வந்தவள் அல்ல. தேங்காயிலும் புளியிலும் பாக்கெட் ஐஸ் போட்டு, பள்ளிக்கூட வாசலிலும் விளையாட்டு மைதானத்திலும் விற்றுப் பிழைப்பவள். அவள் வாங்கிய எங்கள் ஃப்ரீசர் மூன்று தடவை நின்றுபோனது. மூன்று தடவையும் ஐஸ் எல்லாம் உருகிச் சமையலறையில் ஓடியது. நான்காம் தடவை திறக்கப் போனவள் கையோடு கைப்பிடி வந்துவிட்டது. அதை ஒரு துண்டில் சுற்றிச் சாட்சியாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கவுண்டரில் இருந்த தியோதுலோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, நாங்கள் எல்லோரும் சொல்லியாக வேண்டிய வாக்கியத்தைச் சொன்னான்.

"உங்களுடைய அனுபவம் எங்களுக்கு விலைமதிப்பற்றது, அக்கா."

அவள் துண்டைப் பிரித்துக் கைப்பிடியைக் கையில் எடுத்தாள். "இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

தியோதுலோ சொன்ன பேச்சைக் கேட்கிறவன். இன்னொரு தடவை சொன்னான்.

ஏழு தையல். விசைப்பலகைக்குள் ரத்தம் போனதில் சில எழுத்துகள் அன்றிலிருந்து விழவில்லை. வாசலில் காவலாளி எமெரென்சியாவை மடக்கிப் பிடித்தான். போலீசில் ஒப்படைக்க அல்ல. திருப்தித் திரையில் எண் போடாமல் எந்த வாடிக்கையாளரும் வெளியே போகக்கூடாது என்பது விதி. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். அவள் ஐந்தைத் தொட்டாள். கருத்து எழுதும் கட்டத்தில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினாள்: 'இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் இந்த ஆபீஸ்ல ஒருத்தர் என் முகத்தைப் பாத்தாரு.'

எங்கள் மையத்தில் அதற்கு முன் யாரும் ஐந்து போட்டதில்லை. அந்த எண் தானாகவே தலைநகருக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் புதுமைப் பிரிவின் இயக்குநர் பென்கோஸ்மே இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினார். முதலில் திரையைப் பார்த்தார். பிறகு கேமராப் பதிவைப் பார்த்தார். மூன்றாவதாகத்தான், "அந்த ஆள் எங்க?" என்று கேட்டார். புது மாடல் ஃப்ரிட்ஜின் மூலைகளைத் தடவிப் பார்ப்பதுபோல் தியோதுலோவின் தையலைக் குனிந்து பார்த்தார்.

எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"பதினோரு வருஷமா இந்த மையத்தோட சராசரி ஒண்ணு புள்ளி ரெண்டு. நாம சும்மா இருந்தோமா? கதவுல நிறம் மாறுற விளக்கு வச்சோம். திறந்தா வணக்கம் சொல்ற ஃப்ரிட்ஜ் பண்ணோம். யார் கேட்டா? நாமளே நெனச்சோம், நாமளே செஞ்சோம். அதுக்குப் பேரு ஆணவம். வாடிக்கையாளர் என்ன கேக்குறாரோ அதைச் செய்யுறதுதான் புதுமை. இந்தம்மா கேட்டிருக்காங்க. கையால கேட்டிருக்காங்க."

தியோதுலோ மெதுவாகச் சொன்னான்: "சார், அவங்க கம்ப்ரஸர் மாத்தித் தரச் சொல்லித்தான் கேட்டாங்க. நாலு தடவை. நான் எழுதி வச்சிருக்கேன்."

"அது வாயால கேட்டது தம்பி. வாய் கேக்குறது வேற, மனசு கேக்குறது வேற. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

"சரி பண்ணிக் குடுத்துட்டா சந்தோஷப்படுவாங்க சார்."

"ஃப்ரீசர் நல்லா ஓடுற ஆள் ஒருத்தராவது இங்க வந்து அஞ்சு போட்டிருக்காரா? எடுத்துக் காட்டு."

காட்ட முடியவில்லை. ஃப்ரீசர் நல்லா ஓடுகிறவர்கள் எங்களிடம் வருவதே இல்லை.

"பாத்தியா? ஓடுற ஃப்ரீசருக்கும் திருப்திக்கும் சம்பந்தமே கிடையாது. நான் சொல்லல. தரவு சொல்லுது."

ஒரு வாரம் ஆய்வு நடந்தது. வரிசையில் நின்றவர்களிடம் உதவியாளர்கள் போய், 'எங்களிடமிருந்து நீங்கள் எதை விரும்புகிறீர்கள்?' என்று கேட்டார்கள். நூற்றுக்கு எண்பத்தொரு பேர் பழுதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அது 'இதர' என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டது. மிச்சமிருந்த பத்தொன்பது பேரில் பெரும்பான்மையோர் யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வறிக்கை நூற்று நாற்பது பக்கம். அட்டையில் எமெரென்சியாவின் படம் இருந்தது, ஓங்கிய கையோடு.

அப்படித்தான் நான்காம் கவுண்டர் வந்தது. மேஜையையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டார்கள். தரையில் நீல வண்ணத்தில் ஒரு சதுரம், அதற்குள் இரண்டு பாதச் சுவடுகள். அங்கே நிற்கும் பதவிக்கு 'மறுமொழி ஏற்பாளர்' என்று பெயர்; வாடிக்கையாளர் கொடுக்கும் அடிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் மறுமொழி. பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அடித்து முடித்தவரின் சீட்டில் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்த ஓர் ஆள் வேண்டும். உதிரிபாகம் எதுவும் இருப்பில் இல்லாத கிடங்குக்காரன் சும்மாதான் இருக்கிறான் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

ஏற்பாளராகத் தியோதுலோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இயக்குநர் காரணம் சொன்னார். இளவயதில் அவன் சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணியில் கேட்சராக இருந்தவன். எறிகிறவன் எறிவதையெல்லாம் குந்தி உட்கார்ந்து உடம்பில் வாங்கிக்கொள்கிற இடம் அது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஒருவன் உண்டு. அமெரிக்க அணிகளுக்கு ஆள் எடுக்க வடக்கிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர் அவன் ஆடியதை மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் முழங்காலைப் பார்த்தார், நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் கவுண்டரில் பதினோரு வருடம், ஜனவரிக்கு ஜனவரி புதுப்பிக்கும் தற்காலிக வேலை.

இப்போது நிரந்தரம் என்றார்கள். சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவக் காப்பீடு என்றார்கள். அவன் மனைவி யொகாஸ்தாவுக்கு அப்போது நான்காம் மாதம். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. படுக்கையிலேயே இருக்க வேண்டும், கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தியோதுலோ ஒப்பந்தத்தைப் படித்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'ஏற்பாளர் பெறும் மறுமொழிகள் காயங்களாகக் கருதப்பட மாட்டா.'

"இதுக்கு என்னடா அர்த்தம், வெனான்சியோ?" என்று என்னைக் கேட்டான்.

"வலிக்காதுன்னு சொல்றாங்கபோல," என்றேன்.

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் கிரிஸ்பின். ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதிருக்கும்.

"தம்பி, என் ஃப்ரிட்ஜ் ஓயாம உறுமுது. பழுது பாக்குற ஜன்னல் எது?"

"முதல்ல இங்க வரணும் பெரியவரே," என்றான் தியோதுலோ. "என்னை அடிச்சிட்டு, இவன்கிட்ட முத்திரை வாங்கிட்டு, அப்புறம் அந்த ஜன்னலுக்குப் போகணும்."

"உன்னை எதுக்குடா அடிக்கணும்?"

"நீங்க கேட்டீங்களாம்."

"நானா கேட்டேன்?"

"பொதுவா."

கிழவர் என்னைப் பார்த்தார், சதுரத்தைப் பார்த்தார். "நீ ஆடுனப்போ முன் வரிசையில உக்காந்து தொண்டை கிழியக் கத்தினவன்டா நான்," என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் ஒட்டிய எதையோ துடைப்பதுபோல் அவனைத் தொட்டார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"சத்தம் கேக்கணும் ஐயா," என்றேன். விதி அதுதான்.

அவர் மறுபடி போய் அறைந்தார். சத்தம் கேட்டது. அறைந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் முத்திரை குத்தினேன். அவர் பழுது ஜன்னலுக்குப் போனபோது அதைக் காபி இடைவேளைக்காக மூடியிருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் இப்படித்தான் போனது. எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு ஆசிரியை அவனுக்கு வீட்டிலிருந்து மசித்த வாழைக்காயும் பொரித்த சீஸும் கொண்டுவந்து ஊட்டிவிட்டு அறைந்தாள். மூன்றாம் வாரம் மன்னிப்பு குறைந்தது. நான்காம் வாரம் டயர் கடைக்காரன் ஒருவன் மோதிரத்தைக் கழற்றாமல் குத்தினான். தியோதுலோவின் முன்பல் இரண்டும் தரையில் விழுந்து உருண்டன. டயர் கடைக்காரன் திரையில் ஐந்தைத் தொட்டுவிட்டு, "அடுத்த வாரம் என் மச்சானைக் கூட்டிட்டு வரேன்," என்றான். மச்சானுக்கு எங்கள் ஃப்ரிட்ஜ் கிடையாது.

அதுவும் ஒரு பிரச்சினையாக இல்லை. எங்கள் பொருள் எதையாவது வாங்கிய ரசீது இருந்தால் போதும். ஆகக் குறைந்த விலைப் பொருள் துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ். ஊரே அயர்ன் பாக்ஸ் வாங்கியது. வங்கியில் மேலாளரிடம் திட்டு வாங்கியவன், புருஷனோடு பேச்சை நிறுத்தியவள், வழக்கில் தோற்ற வக்கீல் என்று எல்லோரும் முன்வாசல் கடையில் பெட்டியை வாங்கி, பிரிக்காமலேயே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். வரிசை மையத்தைவிட்டு வெளியே போய், மருந்துக்கடையைத் தாண்டி, ஹிகுவாமோ ஆற்றுப்பாலத்தைத் தொட்டது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. வரிசை நீண்டதும், பொருள் பழுதாகியிருந்தால்தான் நான்காம் கவுண்டரில் நிற்க உரிமை என்று புது விதி போட்டார்கள். அயர்ன் பாக்ஸ்களோ நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்தன. எங்கள் நிறுவனத்தில் நன்றாகச் செய்யப்பட்ட பொருள் அது ஒன்றுதான். ஜனங்கள் கொதித்தார்கள். "போன மாசம் வாங்கினது, இன்னும் சூடாகுது! ஏமாத்துறீங்களா?" என்று ஒருத்தி பெட்டியைக் காவலாளியின் தலையில் போட்டாள். புகார் தலைநகருக்குப் போனது. பென்கோஸ்மே பொறியாளர்களைக் கூட்டி, வாடிக்கையாளரின் குரலைக் கேட்கச் சொன்னார். ஏழே வாரத்தில் புதிய மாடல் வந்தது. பெட்டியைத் திறக்கும்போதே சூடாகாது. தலைமைப் பொறியாளர் அதை அறிமுகப்படுத்திப் பேசுகையில், முப்பது வருட அனுபவத்தில் ஒரு பொருளைச் சந்தை இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதைத் தான் பார்த்ததில்லை என்றார். அன்று சாயங்காலமே அவர் வேலையை விட்டார் என்று கேள்வி.

அடுத்தது பேஸ்பால் மட்டை. எங்கள் ஊரில் கையால் அடிப்பதைவிட மட்டையால் அடிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். கேட்டதும் கொடுத்தார்கள். நீல நிறம், நிறுவனத்தின் சின்னம், மேலே தடிமனான பஞ்சு உறை. பன்னிரண்டு வாடிக்கையாளர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். பஞ்சு இருப்பதால் சத்தம் வரவில்லை என்றார்கள். பஞ்சை எடுத்தார்கள். தியோதுலோவுக்கு இரும்புக் கம்பி முகமூடி கொடுத்தார்கள். முகம் தெரியவில்லை, யாரை அடிக்கிறோம் என்றே புரியவில்லை என்று குறைப்பட்டார்கள். முகமூடியை எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதத்தில் அவனுடைய இடது காதின் சவ்வு கிழிந்தது. வலது கைச் சுண்டுவிரல் மூன்று இடத்தில் உடைந்தது. ஒரு விலா எலும்பு உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து எலும்பு உடைந்தது. நான் பதிவேட்டில் சிறுமறுமொழி, நடுமறுமொழி, முழுமறுமொழி என்று எழுதினேன். மத்தியானம் அவனைக் கிடங்குக்குள் கூட்டிப்போய், காலி அலமாரிகளுக்கு நடுவில் படுக்க வைத்து, ரத்தத்தைத் துடைத்து, ஸ்ட்ரா போட்டுச் சூப் குடிக்க வைப்பேன். ஒன்றரை மணிக்குத் திரும்பக் கூட்டிவந்து பாதச் சுவடுகளில் நிறுத்துவேன்.

"வேணாம்டா, விட்டுட்டுப் போயிரு," என்று ஒரு நாள் சொன்னேன்.

"என்ன?" என்று நல்ல காதைத் திருப்பினான். திரும்பச் சொன்னேன்.

"இன்னும் ஏழு வாரம். பிள்ளை வெளிய வரட்டும்." ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான். "என்ன கொடுமை தெரியுமா? இப்பல்லாம் அடி வரும்னு தெரிஞ்சா உடம்பு தானா அதுக்கு நேரா போகுது. நான் நகரச் சொல்லல. அதுவாப் போகுது."

யொகாஸ்தாவிடம் அவன் பைக்கிலிருந்து விழுந்ததாகவும் படியில் சறுக்கியதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் படுக்கையில் கிடந்தவள்; ஊர்ப் பேச்சு அவள்வரை போகாமல் இருக்கப் பக்கத்து வீட்டார்கூட நடித்தார்கள். எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே மையத்துக்கு வந்துவிட்டாள். அப்போது ஒரு வாட்டசாட்டமான ஆள் மட்டையை ஓங்கியிருந்தான். நான் கையில் முத்திரையோடு காத்திருந்தேன்.

யொகாஸ்தா, அடி விழுந்து முடியும்வரை நின்று பார்த்தாள். பிறகு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"வெனான்சியோ, நீ எங்க கல்யாணத்துல அவருக்குப் பக்கத்துல நின்னவன்."

"ஆமா தங்கச்சி."

"இங்க என்ன பண்ணிட்டு இருக்க?"

"முத்திரை போடுறேன்."

என் கையிலிருந்த முத்திரையைப் பிடுங்கி, நெற்றியில் ஓங்கிக் குத்தினாள். மரப்பிடி போட்ட கனமான முத்திரை. கண் இருட்டி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டு நாளைக்கு என் நெற்றியில் 'ஏற்கப்பட்டது' என்று நீல எழுத்து வீங்கிக் கிடந்தது.

"வாங்க வீட்டுக்கு," என்றாள் தியோதுலோவிடம்.

"நாலு வாரம்தான் இருக்கு, யொகா," என்றான். பல் இல்லாததால் அவள் பெயர் சரியாக வரவில்லை. அவள் அதைக் கேட்டதும்தான் அழுதாள்.

அந்த மாதமே எங்களுக்கு விருது வந்தது. வாடிக்கையாளரின் குரலைச் சிறப்பாகக் கேட்ட நிறுவனம் என்று வணிகர் சங்கம் கொடுத்த விருது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மையத்தின் முற்றத்தில் பந்தல் போட்டு விழா. மேளம், நாற்காலிகள், நீல மட்டைகள் அடுக்கிய மேஜை, தள்ளுபடி விலையில் சூடாகாத அயர்ன் பாக்ஸ் மலைபோல. நானூறு பேர் இருப்பார்கள். எமெரென்சியாவும் வந்திருந்தாள். அவளுடைய ஃப்ரீசர் இத்தனை மாதமாக எங்கள் கிடங்கில்தான் கிடந்தது. துறைமுகத்தில் கட்டி ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் பாக்கெட் ஐஸை அடுக்கிக்கொண்டு கூட்டத்தில் விற்றுக்கொண்டிருந்தாள்.

மேடையில் பென்கோஸ்மே மைக்கைப் பிடித்தார்.

"நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் தந்தோம். பொருள் பழையதாகும், பழுதாகும். மனநிறைவு பழுதாகாது. ஆய்வு காட்டிய வழியில் இன்று இன்னொரு அடி முன்னே வைக்கிறோம். யாரும் விரும்பிக் கேட்காத பழுதுபார்க்கும் ஜன்னல் இன்றோடு நிரந்தரமாக மூடப்படுகிறது. அந்த இடத்தில் ஐந்தாம் கவுண்டர் திறக்கப்படும்!"

"அப்ப என் ஃப்ரீசர்?" என்று எமெரென்சியா கீழிருந்து கேட்டாள்.

அவளை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ! நம்முடைய புதுமையின் தாய்! மேலே வாங்கம்மா, மேலே வாங்க!" ஆட்கள் அவளைத் தூக்காத குறையாக மேடைக்கு ஏற்றினார்கள். பொன்னாடை மாதிரி ஒரு நீலத் துணியைத் தோளில் போட்டார்கள். தங்க நாடா கட்டிய மட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மேடையிலும் ஒரு சதுரம் வரைந்து வைத்திருந்தார்கள். அதில் தியோதுலோ நின்றான்.

"இத்தனை மாதம் கழித்து அந்த வரலாற்றுத் தருணத்தை மறுபடி பார்ப்போம்!" என்றார் பென்கோஸ்மே.

எமெரென்சியா தியோதுலோவைப் பார்த்தாள். தான் போட்ட தழும்பைத் தேடினாள்போல. அதற்குமேல் எத்தனையோ விழுந்துவிட்டதில் அது எது என்று தெரியவில்லை.

"அடிங்க அக்கா, பரவால்ல," என்றான் அவன் மெதுவாக. "இடது பக்கம் மட்டும் வேணாம். அந்தக் காது போயிருச்சு."

"உன்னை இல்லடா, பாவி," என்றாள்.

அவள் திரும்பியதைக் கூட்டம் பார்த்தது. ஐஸ் கட்டி உடைக்கிற கை அது. இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, பென்கோஸ்மேயின் தலைக்குக் குறிவைத்து முழு பலத்தோடு வீசினாள். அவர் மைக்கோடு அப்படியே நின்றார். அவருக்கு அடி வாங்கிப் பழக்கமில்லை. விலகவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தியோதுலோவின் உடம்புதான் போனது. சதுரத்திலிருந்து இரண்டு எட்டு. நடுவில் புகுந்து கழுத்தைக் கொடுத்தான். மட்டை தோள்பட்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் இறங்கியது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம். அவன் விழவில்லை, மடங்கினான். வெள்ளை எலும்பு ஒன்று சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"பாருங்கள்!" என்றார் பென்கோஸ்மே மைக்கில். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இதுதான் அர்ப்பணிப்பு! தனக்கு வராத மறுமொழியைக்கூட—"

அதற்குமேல் அவர் பேசிய எதுவும் கேட்கவில்லை. முதல் அயர்ன் பாக்ஸ் அவர் வாயில் விழுந்தது. எறிந்தவர் கிழவர் கிரிஸ்பின் என்று சொல்கிறார்கள். பிறகு நானூறு பேரும் மேடைமேல் ஏறினார்கள். பந்தல் கால்கள் பிடுங்கப்பட்டன. வணிகர் சங்கத் தலைவர் மேளத்துக்குள் தலை சிக்கிக் கிடந்தார். மேஜைக்கடியில் போன பென்கோஸ்மேயை டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, மூக்கையும் தாடையையும் மூன்று விலாவையும் உடைத்தார்கள். திருப்தித் திரையைப் பிடுங்கிக் காவலாளியின் தலையில் உடைத்தார்கள். சூடாகாத அயர்ன் பாக்ஸ்கள் அன்றுதான் முதல்முறையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டன. தாக்கியவர்களில் பாதிப்பேர் நான்காம் கவுண்டரின் வாடிக்கையாளர்கள். தியோதுலோவின் பல்லை உதிர்த்த டயர் கடைக்காரன், "எங்க ஆள்மேல கை வச்சிட்டாங்கடா!" என்று கதறிக்கொண்டே கண்ணாடிக் கதவுகளை நொறுக்கினான்.

எமெரென்சியா இந்த எதிலும் சேரவில்லை. மேடையில் உட்கார்ந்து தியோதுலோவின் தலையை மடியில் வைத்து, பாக்கெட் ஐஸை ஒவ்வொன்றாகக் கடித்துப் பிரித்து அவன் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். புளி ஐஸும் ரத்தமும் ஒரே நிறமாக வழிந்தன.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பென்கோஸ்மே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்தேன். தாடை தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தன பேரு?"

"நானூறு இருக்கும் சார்."

"முத்திரை?"

"ஒண்ணுகூடப் போடல சார்."

கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாம் வீணாப் போச்சே," என்றார்.

தியோதுலோ ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுமொழிகள் காயங்கள் அல்ல என்பதால் காப்பீடு அவனுக்கு உதவவில்லை. எமெரென்சியாவும் கிரிஸ்பினும் தெருத் தெருவாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் யொகாஸ்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மட்டும் காப்பீடு குறையில்லாமல் வேலை செய்தது. இரண்டு கையும் தூக்க முடியாத தகப்பனின் வயிற்றில் பிள்ளையைக் குப்புறப் போட்டுவிட்டுப் போவார்கள். அது அங்கேயே தூங்கும்.

பென்கோஸ்மே இப்போது துணைத் தலைவர். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைக்கு 'கூட்டு மறுமொழி: சந்தையின் அடுத்த கோரிக்கை' என்று தலைப்பு. நிறுவனம் யார்மேலும் வழக்குப் போடவில்லை. நான்காம் கவுண்டர் இன்று ஒன்பது ஊர்களில் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வரலாம்.

பழுது பார்ப்பதே நின்றுபோனதால் உதிரிபாகக் கிடங்கும் மூடப்பட்டது. சான் பெத்ரோவில் ஏற்பாளர் இடம் காலி. எனக்கு முன்னால் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று ராஜினாமா. நாற்பத்தாறு வயதில் யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஆள் கேட்டேன், யாரும் வரவில்லை. காவலாளி போட்டான்.

முதல் நாள் காலையில், கதவு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் தியோதுலோ வந்தான். கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவான். எமெரென்சியாவிடம் ஐஸ் உடைக்கும் வேலை பார்க்கிறான், ஒரே கையால். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பாதச் சுவடுகளில் ஏறி நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். நான் நிற்பதைச் சுற்றிவந்து பார்த்தான்.

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வை," என்றான். "நாக்கை உள்ள இழுத்துக்க. பல்லைக் கடிக்காத, கடிச்சா உடையும். அடி விழுறப்போ மூச்சை வெளிய விட்டிரணும், உள்ள பிடிச்சு வச்சா விலா போயிரும்."

"சரி."

"கத்துறவங்களுக்குப் பயப்படாத. அவங்க பலமெல்லாம் வாயிலயே போயிரும். மன்னிப்புக் கேக்குறாங்க பாரு, அவங்கதான் பலமா அடிப்பாங்க. ஒரு தடவை கேட்டா அறை. ரெண்டு தடவை கேட்டா குத்து."

"மூணு தடவை கேட்டா?"

அவன் நல்ல கையால் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்து நின்றான்.

கதவைத் திறந்தார்கள். வரிசையில் முதல் ஆள் நடுவயதுப் பெண்மணி ஒருத்தி. மாதாகோயிலுக்குப் போகிறவள்போல் வெளுத்த உடை. நீல மட்டையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க தம்பி," என்றாள்.

"பரவால்லம்மா."

"நிஜமாவே மன்னிச்சிருங்க."

மட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்றாவது தடவையும் அவள் வாயைத் திறந்தபோது, நான் மூச்சை வெளியே விட்டேன்.